அழகு, அறிவு, பழகுற குணம் மூணும் ஒரே பார்சலா வருமா?

கொழுந்துக்காரன் (கோத்தகிரி) ஞாயிறு, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்க பெரியப்பா பேத்திக்கு காது குத்து, சொந்தமெல்லாம் கூடியிருந்துச்சு. எனக்கு 29 வயசு, ஒன்றரை ஏக்கர் தேயிலை, அதுக்கு மேல சொல்லிக்க ஒண்ணும் இல்ல. எங்க அக்கா இருக்கா பாருங்க, என்னைவிட ஆறு வயசு பெரியவ, சின்ன வயசுலேர்ந்தே கிளாஸ்ல முதல், பார்க்க லட்சணம், எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அஞ்சு நிமிஷத்துல சமையக்கட்டு வரைக்கும் போயி எல்லாரையும் சிரிக்க வச்சிருவா, இப்ப கோயமுத்தூர்ல பேங்க் மேனேஜர். நான் அதுக்கு நேர் எதிர். பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும், பிளஸ் டூ தட்டுத்தடுமாறி பாஸ், வீட்டுக்குப் புது ஆளுங்க வந்தா பின்வாசல் வழியா தோட்டத்துக்கு நழுவிடுவேன்.

அன்னிக்கு சின்னப்பாட்டி எல்லார் முன்னாடியும் சொன்னாங்க, "சட்டியில இருந்ததெல்லாம் மூத்தவ அகப்பைக்கே போயிருச்சு, இவனுக்கு சட்டிய வழிச்சுத்தான் ஊத்துனாங்க"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ராத்திரி தூக்கம் வரல.

இப்ப எனக்குப் பொண்ணு பார்க்குறாங்க. அம்மா தரகர்கிட்ட அழகும் படிப்பும் நாலு பேரோட பழகுற குணமும் உள்ள பொண்ணா கேக்குறாங்க, அப்பத்தான் பேரப்புள்ளையாவது அக்கா மாதிரி வருமாம். உண்மையிலேயே இந்த மூணும் சேர்ந்துதான் இறங்குமா? இல்ல ஒண்ணொண்ணும் தனித்தனியா வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கிண்டல் வேண்டாம்.

மிளகாபஜ்ஜி (ஊட்டி) 9:50

கிண்டல் வேண்டாம்னா நான் என்னதான் எழுதுறது. ஒரு நடிகை எழுத்தாளர் பெர்னார்ட் ஷாகிட்ட "என் அழகும் உங்க மூளையும் சேர்ந்து ஒரு புள்ள"ன்னாங்களாம், அவரு "என் அழகும் உங்க மூளையும் சேர்ந்துட்டா?"ன்னாராம். இழை முடிஞ்சது, எல்லாரும் வர்க்கி சாப்பிடப் போலாம்.

பனிமூட்டம் (குன்னூர்) 9:58

அந்த ஜோக்க ஐன்ஸ்டீன் மர்லின் மன்றோ பேர்லயும் சொல்லுவாங்க, நடந்ததுக்கு ஆதாரம் கிடையாது, விடுங்க.

ப்ரோ, என் கருத்து நேராவே சொல்றேன், மூணும் சேர்ந்துதான் வரும். சில குடும்பங்களைப் பாருங்க, அப்பா டாக்டர், அம்மா பார்க்க அம்சம், புள்ளைங்க எல்லாம் படிப்பு, ஸ்டேஜ்ல பேச்சு, அழகு எல்லாத்துலயும் கலக்கும். இன்னொரு குடும்பத்துல ஒண்ணுமே இருக்காது. இதுக்குப் பேரு ரத்தம். ஒத்துக்க கஷ்டமா இருக்கும், ஆனா அதான் நிஜம்.

குன்னூர் டீச்சர் 10:15

தம்பி கொழுந்துக்காரன், நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல உயிரியல் எடுத்தவ. பரம்பரையை ஆராய்ச்சி பண்ணின மெண்டல் பாடம் வர்றப்ப ஊட்டி பட்டாணி ஒரு கை அள்ளிக்கிட்டுதான் கிளாஸுக்குப் போவேன். அந்த மனுஷன் 1866ல எழுதுன கட்டுரையில ஏழு குணத்தைப் பார்த்தாரு. மஞ்சள் நிறம், உருண்டை வடிவம் உள்ள பட்டாணியையும் பச்சையா சுருங்கின பட்டாணியையும் சேர்த்தா, முதல் தலைமுறை முழுக்க மஞ்சள் உருண்டை. அதுங்களுக்குள்ள சேர்த்தா அடுத்த தலைமுறையில மஞ்சள் சுருக்கமும் வரும், பச்சை உருண்டையும் வரும். அதாவது நிறம் ஒரு பக்கம் போகுது, வடிவம் இன்னொரு பக்கம் போகுது. பாட்டிகிட்ட ஒண்ணா இருந்துச்சுங்கறதுக்காக பேத்திகிட்டயும் ஒண்ணா வரணும்னு கட்டாயம் இல்ல.

மனுஷங்களுக்கு 23 ஜோடி குரோமோசோம், அதாவது ஜீனெல்லாம் கோத்து வச்ச இழை. ஒவ்வொரு ஜோடியிலயும் ஏதோ ஒண்ணுதான் புள்ளைக்குப் போகும். இதை மட்டும் கணக்குப் போட்டாலே அப்பா பக்கம் 83 லட்சத்துக்கு மேல விதம், அம்மா பக்கம் அதே அளவு, ரெண்டையும் பெருக்கினா சுமார் 70 லட்சம் கோடி. ஜோடிக்குள்ள துண்டு மாத்திக்கிறது வேற இருக்கு, அதைச் சேர்க்கவே இல்ல. கூடப்பிறந்தவங்க பாதிக்குப் பாதி ஒத்துப்போவாங்கன்னு சொல்றது சராசரிதான், ஒரு வீட்டு அக்கா தம்பிக்கு நாற்பது சதவீதத்துக்குக் கீழயும் இன்னொரு வீட்டுல அறுபதுக்கு மேலயும்கூட வரலாம்.

இன்னொண்ணு, பட்டாணி நிறம் மாதிரி அறிவுக்கு ஒத்தை ஜீன் கிடையாது. உயரத்தையே எடுத்துக்கோங்க, டேப் வச்சு அளக்குற விஷயம், 2022ல 54 லட்சம் பேரை வச்சுப் பார்த்ததுல அதுக்கே 12,111 இடத்துல மாற்றம் கண்டாங்க. உயரமே இப்படின்னா பழகுற குணம்?

நர்சரி அண்ணாச்சி (கட்டபெட்டு) 10:31

டீச்சரம்மா பட்டாணியச் சொல்லிட்டாங்க, நான் நம்ம ஊரு செடியச் சொல்றேன். 22 வருஷமா தேயிலை நர்சரி வச்சிருக்கேன் தம்பி.

பழைய தோட்டத்துல விதை போட்டு வந்த செடி பார்த்திருப்ப. பக்கத்துப் பக்கத்துல நிக்கும், ஆனா ஒண்ணு இலை கரும்பச்சை, ஒண்ணு வெளிறிப்போயி, ஒண்ணு சீக்கிரம் தளிர் விடும், இன்னொண்ணு நல்ல மழை பேஞ்சாத்தான் அசையும். ஏன்னா தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது, பக்கத்துச் செடியோடது வேணும். அதனால ஒவ்வொரு விதையும் புதுசா கலைச்சுப் போட்ட சீட்டு. விளைச்சலும் இருந்து வாசமும் இருந்து வறட்சியும் தாங்குற ஒரு தாய்ச்செடி உனக்குக் கெடச்சுதுன்னு வை, அதோட விதையை எடுத்து நட்டா அந்த மூணும் மூணு திக்குல போயிரும். கண்ணால பார்த்திருக்கேன், எங்க அப்பா காலத்துல நட்டது இன்னும் நிக்குது.

அதனாலதான் கட்டிங். ஒரு இலை, ஒரு கணு, சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பிளேடால சாய்வா வெட்டி, பாலிதீன் பையில மண்ணு போட்டு ஊனி, நிழல்ல வச்சு, வேர் பிடிச்சு தோட்டத்துக்குப் போறதுக்கு வருஷம் ஒண்ணு ஒண்ணரை ஆயிரும். ஆனா தாய் எப்படியோ அப்படியே வரும், ஒரு இம்மி மாறாது. இங்க வர்றவங்க வறட்சி தாங்கணும்னா உபாசி 9 ரகம் கேப்பாங்க, வாசம் வேணும்னா சிஆர் 6017 கேப்பாங்க. எல்லாத்தையும் ஒரே செடியில குடுங்கண்ணேன்னு கேக்காத ஆளே இல்ல, இருந்தா நான் ஏன் இன்னும் வாடகை ஜீப்ல போறேன்.

உங்க அம்மா அப்பா உன்னையும் அக்காவையும் கட்டிங் போட்டு எடுக்கல தம்பி. விதை. அதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல.

பூம்பாறைப் பூண்டு (கொடைக்கானல்) 10:38

எங்க மலையிலயும் அதே கதைதான் அண்ணாச்சி, பூண்டுல பல்லு நட்டா அதே பூண்டு வரும். தம்பி பல்லு யாரு பல்லு? அப்பா பல்லு அப்படியே நட்டுட்டாங்களோ?

கொழுந்துக்காரன் 10:41

அப்பா பல்லுதான் 😐

பனிமூட்டம் 10:55

செடி கதை நல்லா இருக்கு, ஆனா எல்லாரும் ஒரு விஷயத்தை மறைக்கிறீங்க. ரெட்டைப் புள்ளைங்க ஆராய்ச்சி ஐம்பது வருஷத்துது எல்லாத்தையும் சேர்த்து 2015ல ஒரு பெரிய கணக்கு வந்துச்சு, 1.45 கோடி ரெட்டை ஜோடி, எல்லாக் குணத்துக்கும் சராசரியா 49% பரம்பரை. ஐக்யூவுக்கு சின்ன வயசுல கம்மி, வயசாக வயசாக கூடுது. கலகலப்பா பழகுற குணத்துக்கும் கிட்டத்தட்ட பாதி. அப்ப பாதி அறிவு, பாதி குணம் அப்பா அம்மா குடுத்ததுதானே? அதை விட்டுட்டு விதை, பட்டாணின்னு.

குன்னூர் டீச்சர் 11:12

தம்பி, அந்த 49 நிஜம். ஆனா நீங்க அதைப் படிக்கிற விதம் தப்பு. "உன் அறிவுல பாதி அப்பா குடுத்தது"ன்னு அதுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துல எவ்வளவு ஜீன் வித்தியாசத்தால வருதுங்கறதுதான் அந்த நம்பர். அண்ணாச்சி செடியிலயே சொல்றேன். ஒரே தாய்ச்செடி கட்டிங்கை பாதிய நல்ல மண்ணுலயும் பாதிய பாறைச் சரிவுலயும் நட்டா, உயர வித்தியாசம் அத்தனையும் மண்ணால வந்தது, பரம்பரை சைபர். விதைச்செடிகளை ஒரே சீரான மண்ணுல நட்டா வித்தியாசம் பூரா விதையால வந்தது, பரம்பரை நூத்துக்கு நூறு. ரெண்டு இடத்துலயும் வேலை செய்யறது அதே தேயிலை, அதே ஜீன்.

ஐக்யூ டெஸ்ட் மார்க்கு பல நாட்டுல பத்து வருஷத்துக்கு சுமார் மூணு பாயிண்ட் வீதம் ஏறிக்கிட்டே வந்ததை ஃபிளின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1980கள்ல காட்டினாரு. ரெண்டு தலைமுறைக்குள்ள யாரு ஜீன் மாறிப்போச்சு? எங்க பாட்டி எஸ்டேட் லைன்ல இருந்தவங்க, கைநாட்டு. கூடையத் தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோன்னு சொல்லுவாங்க, தராசு அரைக் கிலோ தள்ளாது. பேத்தி நான் பட்டம் வாங்கினேன். பாட்டிக்குப் புத்தி இல்லன்னு யாராவது சொல்லிப் பாருங்க.

அப்புறம் கேட்ட கேள்வி வேற. ஒண்ணொண்ணும் பாதி பரம்பரைங்கறதுக்கும் மூணும் கை கோத்துக்கிட்டு வருதுங்கறதுக்கும் சம்பந்தம் இல்ல.

வெலிங்டன் மாமா திங்கள், காலை 6:20

ராத்திரி பூரா சண்டை போல. நான் பட்டாளத்துல 24 வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன், எனக்கு ஜீன் கீன் தெரியாது, ஆனா ஆளை எடை போடுற வேலை பார்த்திருக்கேன்.

தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க மனோதத்துவக்காரர், 1920ல எழுதினாரு. பட்டாள ஆபீசருங்க தங்களுக்குக் கீழ இருக்குற ஆளுங்களுக்கு உடம்பு, புத்தி, தலைமை, குணம்னு தனித்தனியா மார்க் போடணும். போட்டாங்க. பார்த்தா எல்லா மார்க்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. நெஞ்சை நிமிர்த்தி அம்சமா நிக்குறவனுக்கு புத்தியிலயும் மார்க், நேர்மையிலயும் மார்க். நிஜத்துல அப்படி ஒட்டாது, மார்க் போட்ட கண்ணு ஒட்ட வச்சிருக்குன்னு அவரு சொன்னாரு.

நானே பண்ணியிருக்கேன். புதுசா வந்த பசங்கள்ல ஒருத்தன் உயரமா சிவப்பா பளிச்சுனு இருப்பான், அவனை செக்‌ஷன் முன்னாடி நிக்க வைப்பேன். ஒரு மாசம் நின்னா அவனுக்குக் குரல் வந்துரும், ரெண்டு மாசத்துல கமாண்ட் குடுப்பான். நான் "பார்த்தியா, அப்பவே தெரியும்"பேன். தெரிஞ்சதா, நான் பண்ணி வச்சதா? இன்னொருத்தன் குட்டையா கறுப்பா, பேச்சே வராது, மேப் படிக்கிறதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல. அது எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆச்சு, அதுவும் மூடுபனியில வழி தப்பின அன்னிக்கு.

பாட்டி சொன்னதைப் பெருசா எடுத்துக்காதடா தம்பி.

குன்னூர் டீச்சர் 7:05

மாமா சொன்னதுக்கு ஒரு துணை. அழகுக்கும் ஐக்யூவுக்கும் தொடர்பு இருக்கான்னு 1,700க்கு மேல ரெட்டையர், கூடப்பிறந்தவங்க போட்டோவுக்கு மார்க் போட வச்சு 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. தொடர்பே தெரியல. இருக்குன்னு சொல்ற ஆய்வும் உண்டு, ஆனா இது ஜீனையும் சேர்த்துப் பார்த்தது, எனக்கு இதுமேலதான் நம்பிக்கை.

ஆட்டுக்கால் சூப் 7:30

நல்ல வம்சத்துல எடுத்து நல்ல வம்சத்துல குடுத்தா எல்லாம் நல்லாத்தான் வரும். நம்ம முன்னோர் முட்டாளா? கண்ட இடத்துல கலந்தாத்தான்

[மீதி நீக்கப்பட்டது. சாதிப் பேச்சு இந்த இழையில வேண்டாம். – மட்டுறுத்துனர்]

மிளகாபஜ்ஜி 7:34

வந்துட்டாருய்யா.

குன்னூர் டீச்சர் 7:52

நீக்கிட்டீங்க, நல்லது. ஆனா ஒரு வரி சொல்லிட்டுப் போறேன். கால்டன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1869ல பெரிய மனுஷங்க வீட்டுலதான் பெரிய மனுஷங்க பிறக்குறாங்கன்னு புஸ்தகம் போட்டாரு, அந்த வீட்டுல இருக்குற சிபாரிசு, காசு, டியூஷனை எல்லாம் தள்ளி வச்சுட்டு. 1883ல நல்ல வம்சத்தைப் பெருக்கணும்னு அதுக்கு யூஜெனிக்ஸ்னு ஒரு பேரும் வச்சாரு. அது அமெரிக்காவுல போயி ஏழைகளுக்கு கட்டாயமா குடும்பக் கட்டுப்பாடு பண்றதுல நின்னுச்சு, 1927ல உச்ச நீதிமன்றமே சரின்னுச்சு. ஜெர்மனியில எங்க போயி நின்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

வேடிக்கை என்னன்னா, அதே கால்டன்தான் 1886ல 928 பிள்ளைங்க உயரத்தை அவங்க அப்பா அம்மா உயரத்தோட வச்சுப் பார்த்து, ரொம்ப உயரமான ஜோடிக்குப் பிறந்தவங்க சராசரியா அவங்களைவிடக் கொஞ்சம் குட்டையாத்தான் இருக்காங்கன்னு கண்டுபிடிச்சாரு. உச்சியில இருக்குறது அப்படியே இறங்காது, நடுவுப் பக்கம் சாயும். குட்டைக்கும் அதே, மேல் பக்கமா சாயும். தம்பி, உங்க பேரப்புள்ளை கணக்கு போட்டா இதையும் போட்டுக்கோங்க.

கூடலூர் சிஸ்டர் மதியம் 1:10

டியூட்டி முடிஞ்சு இப்பத்தான் படிச்சேன். நான் நர்ஸ், எங்க பக்கம் அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவங்க நிறைய பேரைப் பார்க்குறேன். இந்தியாவுலயே இதை முதல்ல சொன்னது நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட ரத்தம் சோதிச்சுத்தான், 1952ல. அது ஒத்தை ஜீன், டீச்சரோட பட்டாணி மாதிரி சுத்தமான கணக்கு. அம்மா அப்பா ரெண்டு பேருகிட்டயும் ஜோடியில ஒரு ஜீன் மட்டும், அதாவது பாதி, கோளாறா இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து.

அதைச் சொல்லிப் புரிய வைக்கிறதுதான் பெரும்பாடு. போன மாசம் ஒரு அம்மா, மூத்த பையனுக்கு இருக்கு, "அப்ப அடுத்த மூணும் தப்பிச்சுரும்ல சிஸ்டர்"னு கேட்டாங்க. நான் மேஜையில ரெண்டு ஒத்த ரூபாய் காசை வச்சு சுண்டிக் காட்டினேன். ரெண்டும் பூ விழுந்தா நோவுன்னு வச்சுக்கோங்கன்னேன். முதல் தடவையே ரெண்டும் பூ. மறுபடி சுண்டினேன், மறுபடியும் பூ பூ. அவங்க முகம் மாறிப்போச்சு, எனக்கே கை நடுங்கிருச்சு. ஆனா புரிஞ்சுக்கிட்டாங்க, போன தடவை என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு ஞாபகம் இருக்காது.

ஏன் சொல்றேன்னா, சட்டியில இருந்ததை அக்கா அள்ளிட்டாங்கறது தப்பு. அவங்க எடுத்ததால உங்களுக்கு ஒரு துளியும் குறையல. ஒவ்வொரு புள்ளைக்கும் சட்டி மறுபடி நிறைஞ்சுதான் இருக்கும்.

சேர்ந்து வர்றதும் உண்டு, இல்லன்னு சொல்லல. அரிவாள் செல்லுல பாதி மட்டும் இருக்குறவங்களுக்கு மலேரியா அவ்வளவா கொல்லாது. ஒரே ஜீன், ஒரு பக்கம் காவல், ஒரு பக்கம் நோவு. ஜீன் பார்சல் கட்டினா நமக்குப் புடிச்சதை மட்டும் பார்த்துக் கட்டாது.

பனிமூட்டம் 2:25

சிஸ்டர் சொன்னது டச் ஆயிருச்சு. சரி, நான் கொஞ்சம் இறங்கி வர்றேன், ஆனா முழுசா இல்ல. ஒரு விஷயத்துக்கு பதில் சொல்லுங்க. கல்யாணச் சந்தையில என்ன நடக்குது? படிச்சு சம்பாதிக்கிற பையன் அழகான பொண்ணு கேக்குறான், அழகான பொண்ணு வீட்டுல படிச்ச பையனைக் கேக்குறாங்க. இப்படி அறிவும் அழகும் ஒரே வீட்டுக்குள்ள வந்துருதுல்ல. புள்ளைக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வர வாய்ப்பு இருக்குல்ல. அப்ப தனித்தனி ஜீனா இருந்தாலும் ஆளுங்ககிட்ட சேர்ந்து நிக்கும்.

குன்னூர் டீச்சர் 3:40

இது நல்ல கேள்வி, இதை முதல்லயே கேட்டிருக்கலாம். ஆமா, அப்படி சேரும். உயரத்துக்கும் ஐக்யூவுக்கும் லேசா ஒரு தொடர்பு இருக்கு, அதுல ஒரு பங்கு இப்படி ஜோடி சேர்றதாலதான்னு காட்டியிருக்காங்க. ஆனா அந்தக் கட்டு தளர்ந்த கட்டு. வேற வேற குரோமோசோம்ல இருக்குறது, அடுத்த தலைமுறை ஜோடி பார்க்காம கல்யாணம் பண்ணிச்சுன்னா பாதியா குறைஞ்சுரும், அதுக்கு அடுத்தது அதுலயும் பாதி. ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்பக் கட்டிக்கிட்டே இருக்கணும். அப்படியே இருந்தாலும் அது ஆயிரம் குடும்பத்தைச் சேர்த்துப் பார்த்தா தெரியற சாய்வு. ஒரு வீட்டுல அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவுல அது ஒண்ணும் சொல்லாது, ரெண்டு பேருக்கும் சீட்டு ஒரே கட்டுலேர்ந்துதானே.

நர்சரி அண்ணாச்சி 4:05

கணக்குல ஒண்ணு கேக்குறேன் டீச்சர். அழகுல பத்துல ஒருத்தர், அறிவுல பத்துல ஒருத்தர், பழகுறதுல பத்துல ஒருத்தர், மூணும் சம்பந்தமே இல்லாம வந்தா ஆயிரத்துல ஒருத்தருக்கு மூணும் இருக்கும்ல? அப்ப கோத்தகிரி ஏரியாவுலயே எத்தனையோ பேரு இருப்பாங்க. அவங்கதான் கண்ணுக்குத் தெரிவாங்க, மீதி 999 பேரை யாரு எண்ணுறா.

குன்னூர் டீச்சர் 4:09

அண்ணாச்சி, நீங்க நர்சரி வைக்கப் போயி ஒரு கணக்கு வாத்தியாரை இழந்துட்டோம்.

கொழுந்துக்காரன் செவ்வாய், இரவு 8:55

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நேத்து ராத்திரி அக்காவுக்கு போன் போட்டு இந்த இழையையே படிச்சுக் காட்டினேன். அவ ரொம்ப நேரம் சிரிச்சா, அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுறேன்.

அவ எட்டாவது படிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் பேச மாட்டாளாம். அந்த வருஷம் அப்பா கவாத்து வெட்டுறப்ப கால்ல கத்தி பட்டு மூணு மாசம் படுத்துட்டாரு, எனக்கு அரைகுறையா ஞாபகம் இருக்கு. கொழுந்து எடை போடுற இடத்துக்கு அவளைத்தான் அனுப்பியிருக்காங்க. மழை நாள்ல இலை நனைஞ்சிருக்குன்னு எடையில கழிப்பாங்க, அது ஒரு அளவில்லாம கழிச்சுக்கிட்டே போனாங்க. முதல் நாள் எட்டு கிலோ போயிருச்சு, அழுதுக்கிட்டே வந்தாளாம். அப்புறம் ஒரு நோட்டு போட்டு தினம் எடை, கழிச்சது, மழை பேஞ்சுதா இல்லையா எல்லாம் எழுதி, ரெண்டு வாரம் கழிச்சு அந்த ஆளுகிட்ட விரிச்சுக் காட்டி, வெயில் அடிச்ச நாள்லயும் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டிருக்கா. வரிசையில நின்ன பொம்பளைங்க எல்லாம் கை தட்டுனாங்களாம். "அன்னிக்கு வாய் தொறந்தது, இன்னும் மூடல"ங்கறா. அப்பா எழுந்த பிறகும் அவதான் போனா. அவ காலேஜ் போனதும் அம்மா போக ஆரம்பிச்சாங்க. என்னை யாரும் அனுப்பவே இல்ல, இவன் சாது, ஏமாந்துருவான்னு.

அடுத்தது பல்லு. "டேய், அப்பா பல்லு எனக்கும்தான்டா வந்துச்சு. முதல் வேலையில சேர்ந்து ஒண்ணரை வருஷம் கிளிப் போட்டிருந்தேனே, நீதானே ரயில் தண்டவாளம்னு கிண்டல் பண்ணுவ." ஆமா, பண்ணியிருக்கேன்! கிளிப் போட்ட முகத்தோட எங்க வீட்டு ஆல்பத்துலயே போட்டோ இருக்கு, இப்ப எடுத்துப் பார்த்தேன். ஆனா ஞாயித்துக்கிழமை இங்க உக்காந்து சின்ன வயசுலேர்ந்தே லட்சணம்னு நானே எழுதியிருக்கேன். மாமா சொன்ன அந்த ஆபீசருங்க வேலையை நானும் பார்த்திருக்கேன்.

படிப்பு மட்டும் அவளுக்கு வந்தது வந்ததுதான், அதுல நான் மல்லுக்கட்ட மாட்டேன். ஒரு தடவை படிச்சா நிக்கும் அவளுக்கு. அம்மாகிட்டயும் தரகர் லிஸ்ட்டைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லியிருக்கேன், திட்டு விழுந்துச்சு.

வெலிங்டன் மாமா 9:10

இப்ப எடைக்கு யாருடா போறது?

கொழுந்துக்காரன் 9:14

அம்மாதான் மாமா. நாளைக்கு மழைன்னு போட்டிருக்கான், கண்டிப்பா கழிப்பாங்க. அக்காவோட பழைய நோட்டு பரண்ல கெடக்குது, பாதி பக்கம் காலியாத்தான் இருக்கு.

மிளகாபஜ்ஜி 9:20

அந்த பல் டாக்டர் யாருன்னு அக்காகிட்ட கேட்டு எனக்கும் தனிச்செய்தியில அனுப்புடா. கிண்டல் இல்ல, நிஜமாத்தான்.